மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை, எக்ஸ்டெண்டர் போட்டும் பயனில்லை

மொட்டைமாடி

வீடு இரண்டு தளம், அதற்கு மேல் மொட்டை மாடியில் ஒற்றை அறை. ஃபைபர் இணைப்பு கீழே வாசல் பக்க மூலையில் உள்ளே வருகிறது, ரவுட்டரும் அங்கேதான், டிவி அலமாரிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. 300 எம்பிபிஎஸ் திட்டம். ரவுட்டருக்கு எதிரே நின்றால் ஃபோனில் 280 வரை வருகிறது. முதல் மாடியில் 60, 70. நான் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பது மேலறையில், அங்கே 8, சில நேரம் 3. வீடியோ காலில் நான் நீளமாக ஒன்றைப் பேசி முடித்த பிறகு "நீங்கள் பேசியது எதுவுமே கேட்கவில்லை" என்பார்கள், நானும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

போன வாரம் ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மேலறையில் என் மேசைக்குப் பக்கத்திலேயே செருகினேன். இப்போது ஃபோனில் கோடு எல்லாம் முழுசாக நிற்கிறது. வேகம் 5. கோடு முழுசாக இருக்கும்போது வேகம் எங்கே போகிறது? சுவரை உடைக்காமல் தீர்வு இருந்தால் நல்லது, கேபிள்தான் வழி என்றால் அதற்கும் தயார். பழைய ரவுட்டர் ஒன்றும் சும்மா கிடக்கிறது.

நத்தை

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சிக்னல் செத்துப்போன இடத்தில் எக்ஸ்டெண்டரை வைத்தால் அது எதை எடுத்துப் பரப்பும்? உங்கள் ஃபோன் காட்டுகிற கோடு ஃபோனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே இருக்கும் இரண்டடிக்கானது. எக்ஸ்டெண்டருக்கும் கீழே இருக்கிற ரவுட்டருக்கும் நடுவே என்ன கதி என்று அது சொல்லாது. படிக்கட்டுப் பக்கம் முதல் மாடிக்கு மாற்றி வைத்துப் பாருங்கள், கொஞ்சமாவது மாறும்.

சோம்பேறி

மூன்று பெட்டி சேர்ந்து ஒரே வைஃபையாகப் பரப்புகிற மெஷ் செட் வாங்கித் தளத்துக்கு ஒன்றாக வையுங்கள், வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன், அப்புறம் இதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. சுவரைத் துளைப்பது, மூலை மூலையாக கேபிளை ஒட்டிக்கொண்டு போவதெல்லாம் நமக்கு எதற்கு.

கம்பிக்காரர்

என் பெயரைப் பார்த்தாலே பதில் என்னவென்று தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தம்பி, கீழே இருக்கிற வைஃபையை மேலே தள்ளப் பார்க்காதீர்கள். கேபிளை மேலறைவரை கொண்டுபோய் அங்கே இன்னொரு வைஃபையைப் பிறக்க வையுங்கள். நடுவில் இருக்கிற இரண்டு கான்கிரீட் தளத்தோடு சண்டை போட வேண்டிய வேலையே இல்லை. செம்புக் கேபிள் 100 மீட்டர்வரை முழு வேகத்தைக் கொண்டுபோகும், மூன்று தள வீட்டில் எப்படிச் சுற்றினாலும் அதில் பாதியைத் தாண்டாது.

இரண்டு கேள்வி. ஒன்று, பழைய டிவி கேபிளோ டெலிஃபோன் வயரோ போகிற குழாய் சுவருக்குள் இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. அந்தப் பழைய கேபிளின் நுனியில் புதுக் கேபிளையும் ஒரு நைலான் நூலையும் சேர்த்துக் கட்டி, மறுபக்கம் ஒருவர் மெதுவாக இழுத்தால் மூன்றும் சேர்ந்து வந்துவிடும். நூலைக் குழாயிலேயே விட்டுவிடுங்கள், பின்னால் இன்னொரு கேபிள் இழுக்க உதவும். இரண்டாவது, மின்சார வயர் போகிற குழாய் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்குள் நெட்வொர்க் கேபிளைச் சேர்க்காதீர்கள். இரைச்சல் வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உள்ளே உறை உரிந்தால் ரவுட்டர் பெட்டியில் மின்சாரம் ஏறும், அதைத் தொடுவது நீங்களாக இருப்பீர்கள்.

அலைவரிசை

கேபிள் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் செலவழித்து அளந்து பாருங்கள் என்பது என் வேண்டுகோள். கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு ஃபோனும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும். வைஃபை அனலைசர் மாதிரி ஏதாவது ஒரு செயலியைப் போட்டு சிக்னல் பலத்தைச் சொல்கிற டிபிஎம் எண்ணைப் பாருங்கள். ரவுட்டருக்கு எதிரே மைனஸ் 35, 40 என்று இருக்கும். வீடியோ கால் நிம்மதியாக ஓட மைனஸ் 67க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது வழக்கமான கணக்கு. மைனஸ் 80 தாண்டிவிட்டால் இணைப்பு பெயருக்குத்தான்.

இந்த எண் நேர்க்கோட்டில் போவதில்லை, அதுதான் பலரை ஏமாற்றுகிறது. 3 டெசிபெல் குறைந்தால் வந்துசேர்கிற சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 60க்கும் மைனஸ் 80க்கும் பார்வைக்கு இருபதுதான் வித்தியாசம், உண்மையில் நூறு மடங்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானாலே 6 டெசிபெல் போய்விடும், அதன் மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த ஒரே சந்தில்தான் முட்டிக்கொள்கின்றன.

எக்ஸ்டெண்டர் கதைக்கு வருகிறேன். மலிவான எக்ஸ்டெண்டரில் ஒரே ரேடியோதான் கீழிருந்து வாங்கும், அதே ரேடியோதான் ஃபோனுக்குக் கொடுக்கும். ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது, அதனால் வந்ததில் சுமார் பாதிதான் உங்கள் கைக்கு வரும். வந்ததே 10 என்றால் 5. உங்கள் எண் அப்படியே பொருந்துகிறது.

ரவுட்டரை அந்த அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள் ஐயா! டிவிக்குப் பின்னால் இருக்கிற தகடு ஒரு கவசம் மாதிரி. வெளியே வைத்து, முடிந்தால் உயரமாக வைத்து, மறுபடி அளந்து எழுதுங்கள். ஆன்டெனாவை எல்லோரும் நேராக நிமிர்த்தி வைப்பார்கள், அப்படி வைத்தால் அலை பக்கவாட்டில் வட்டமாகப் பரவும், நேர் மேலே மிகக் குறைவு. மாடிக்கு வேண்டும் என்றால் ஒன்றைப் படுக்கையாகச் சாய்த்துப் பாருங்கள்.

மொட்டைமாடி

அளந்துவிட்டேன். அலமாரிக்குள் இருந்தபோது மேலறையில் மைனஸ் 84. வெளியே எடுத்து அலமாரி மேல் வைத்ததும் மைனஸ் 78. முதல் மாடியில் மைனஸ் 70 இருந்தது 63 ஆகிவிட்டது, வேகமும் 140 பக்கம் வருகிறது. இத்தனை நாள் அழகுக்காக உள்ளே பூட்டி வைத்திருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மேலறை இன்னும் தேறவில்லை. எக்ஸ்டெண்டரைப் படிக்கட்டுப் பக்கம் மாற்றியதில் 22, 25 வருகிறது, ஆனால் நிலையாக இல்லை, திடீரென்று 4க்கு விழுகிறது. டிவி கேபிள் குழாய் இருக்கிறது, கீழே டிவி பக்கத்திலிருந்து மொட்டை மாடிவரை போகிறது. மேலே பழைய டிஷ் ஆன்டெனா இருந்தது, இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை.

வாடகைவீட்டான்

குழாய் இருக்கிறவர் புண்ணியம் செய்தவர். எனக்குச் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி இல்லை, அதனால் பவர்லைன் வாங்கினேன், மின்சார வயரிலேயே நெட்வொர்க்கை அனுப்புகிற அந்த இரட்டைப் பெட்டி. அட்டையில் 1000 என்று போட்டிருந்தது. எனக்குக் கிடைத்தது 70, அதுவும் நேராகச் சுவர் பிளக்கில் செருகிய பிறகு. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தபோது 15 கூட வரவில்லை, அதற்குள் இருந்த சர்ஜ் தடுப்பு சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடுகிறது. மிக்சி ஓடினால் இன்னும் விழும். ஒரு பெட்டி ஒரு ஃபேஸிலும் மற்றொன்று வேறு ஃபேஸிலும் மாட்டினால் சில வீடுகளில் வேலையே செய்யாது.

ஆனாலும் 70 நிலையாக வந்தது. வேலை பார்க்க அது போதும். நிலையாக வருகிற 70, ஆடுகிற 200ஐ விட மேல் என்பது என் அனுபவம்.

நத்தை

டிவி கேபிளையே நெட்வொர்க்காகப் பயன்படுத்தலாமே. மோகா என்று ஒன்று இருக்கிறது, இரண்டு முனையிலும் ஒரு அடாப்டர், நடுவே அதே பழைய கோ-ஆக்ஸ் டிவி கேபிள்.

கம்பிக்காரர்

செய்யலாம், நன்றாகவே ஓடும், குழாயில் கேபிள் இறுகிப்போய் நகராத வீட்டில் நானும் அதைத்தான் சொல்வேன். புதிய மோகா 2.5 அடாப்டர் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், அசராமல் கொடுக்கும். நடுவில் கேபிளைப் பலவாகப் பிரிக்கிற பழைய ஸ்ப்ளிட்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும், டிவிக்காகச் செய்த ஸ்ப்ளிட்டர் பலவும் அந்த அதிர்வெண்ணை விடாது. ஆனால் இவருக்குக் கேபிள் அசைந்து வந்தால் எதற்கு இரண்டு அடாப்டர், இரண்டு பிளக், இரண்டும் பழுதாகிற வாய்ப்பு? இழுத்துப் பார்க்கட்டும்.

சோம்பேறி

மறுபடி சொல்கிறேன், மெஷ். இப்போது வருகிற ட்ரை-பேண்ட் மெஷ்ஷில் பெட்டிகள் தங்களுக்குள் பேச என்று தனி ரேடியோவே இருக்கிறது. அலைவரிசை சொன்ன பாதியாகிற பிரச்சினை அதில் கிடையாது.

மின்மினி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காக உள்ளே வருகிறேன். நெட்வொர்க் பராமரிப்புதான் என் வேலை.

சோம்பேறி சொல்வதில் தவறில்லை, தனி ரேடியோ இருந்தால் பாதியாகாது. ஆனால் அந்தத் தனி ரேடியோவும் அதே கான்கிரீட்டைத்தான் தாண்ட வேண்டும். பெரும்பாலும் அது 5 அல்லது 6 கிகாஹெர்ட்ஸ், தளத்தில் முதலில் அடிவாங்குவது அதுதான். உங்கள் வீட்டில் படிக்கட்டு திறந்திருக்கலாம், தளம் மெல்லியதாக இருக்கலாம், அதனால் ஓடுகிறது. இவருக்குக் கீழிருந்து முதல் மாடிக்கு ஒரு தாவல், அங்கிருந்து மேலறைக்கு இன்னொரு தாவல். ஒவ்வொரு தாவலிலும் வேகம் குறைவதை விட எனக்குப் பெரிய கவலை தாமதம் ஏறி இறங்குவது. வீடியோ காலைக் கொல்வது குறைந்த வேகம் இல்லை, அந்த ஏற்ற இறக்கம்தான். காலுக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும், அது ஒரே சீராக வந்தால்.

மெஷ் வாங்கினாலும் கேபிளில் இணைத்தால் அது வேறு மிருகம். ஆகவே மெஷ்ஷா கேபிளா என்ற கேள்வியே சரியில்லை. பெட்டிகள் தங்களுக்குள் காற்றில் பேசுமா கம்பியில் பேசுமா என்பதுதான் கேள்வி.

மொட்டைமாடி, இழுக்கும் முன் கேபிளைப் பார்த்து வாங்குங்கள். கேட்-6 போதும், சொல்லப்போனால் ஜிகாபிட்டுக்கு கேட்-5இ கூடப் போதும், 100 மீட்டர்வரை. கேட்-7, கேட்-8 என்று தடிமனாகப் பார்த்து மயங்காதீர்கள், அது குழாய்க்குள் வளையாது, வீட்டில் அதற்கு வேலையும் இல்லை. பார்க்க வேண்டியது உள்ளே முழுச் செம்பா என்பதை. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் ஏராளமாக விற்கிறது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் வளைத்தால் உடையும், மின்தடை அதிகம், அதன் வழியே பவரும் அனுப்பினால் சூடாகும்.

பவர் என்று சொன்னது பிஓஇ, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்புவது. மேலே கூரையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்புகிற பெட்டி, மாட்டினால் அதற்குத் தனி பிளக் வேண்டாம், கீழே பல கேபிளை இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்சிலிருந்தே கேபிளில் சுமார் 48 வோல்ட் போகும். பழைய 802.3ஏஎஃப் தரத்தில் போர்ட்டுக்கு 15.4 வாட், அடுத்து வந்த ஏடி தரத்தில் 30 வாட். இந்த இரண்டு தரமும் எதிரே இருப்பது பவர் வாங்குகிற சாதனமா என்று கேட்டுவிட்டுத்தான் மின்சாரம் அனுப்பும். பேசிவ் பிஓஇ என்று விற்பது கேட்காமலே அனுப்பும், அதில் லேப்டாப்பைச் செருகிவிட்டு வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

மொட்டைமாடி

மின்மினி, உங்கள் பதிவைப் பார்த்துத்தான் கேபிள் வாங்கினேன், சுரண்டியும் பார்த்தேன், செம்பு. பிஓஇ இப்போதைக்கு வேண்டாம், பழைய ரவுட்டரையே மேலே வைக்கலாம் என்று முடிவு.

ஞாயிற்றுக்கிழமை இழுத்தோம். மாடியில் என் மைத்துனர், கீழே நான். பழைய கேபிளோடு புதியதை கம்பிக்காரர் அண்ணன் சொன்ன மாதிரி நூலும் சேர்த்துக் கட்டினோம். முதல் முடிச்சு தடிமனாக இருந்ததால் முதல் வளைவிலேயே சிக்கிவிட்டது. பிரித்து, பழைய கேபிளின் உறையை ஒரு சாண் நீளம் சீவி மெல்லியதாக்கி, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து டேப்பை இறுக்கிச் சுற்றினோம், மேலே கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் தடவினோம். அவர் இழுக்க, நான் கீழிருந்து ஊட்ட, கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. 22 மீட்டர் உள்ளே போனது. நூலும் மேலே வந்துவிட்டது.

இப்போது சிக்கல். இரண்டு முனையிலும் நானே ஆர்ஜே-45 கனெக்டரைக் கிரிம்ப் கருவியால் அழுத்திப் பொருத்தி லேப்டாப்பை நேராகச் செருகினேன். 95 எம்பிபிஎஸ். எத்தனை தடவை பார்த்தாலும் 94, 95. 300 வர வேண்டாமா? கேபிள் நீளமா, சோப்பா, என்ன காரணம்?

நத்தை

சோப்பில் வழுக்கிவிட்டது போல.

மின்மினி

95 என்று சரியாக நின்றால் அது கைரேகை மாதிரி. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் உண்மையாகக் கிடைக்கும் அதிகபட்சம் அதுதான், ஜிகாபிட் என்றால் சுமார் 940 வரை போகும். அதாவது உங்கள் இரண்டு முனையும் 100க்குப் பேசி ஒத்துக்கொண்டுவிட்டன.

100க்கு இரண்டு ஜோடி இழை போதும், 1, 2, 3, 6 ஆகிய பின்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும், எட்டு இழையும் வேண்டும். மற்ற நான்கு இழையில் ஒன்று தொடாவிட்டாலும் முதலில் ஜிகாபிட்டுக்கு முயற்சி செய்து பார்த்துவிட்டுத் தானாக 100க்கு இறங்கிவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. நீலமோ பழுப்போ, இந்த இரண்டு ஜோடியில் ஒன்று போயிருக்கிறது. கனெக்டரை முன்பக்கமிருந்து, முனை வழியாகப் பாருங்கள். எட்டு செம்புப் புள்ளி தெரிய வேண்டும்.

மொட்டைமாடி

ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஏழு புள்ளி பளிச்சென்று தெரிகிறது, எட்டாவது இல்லை. பழுப்பு இழை கனெக்டரின் முனைவரை போகவே இல்லை, அரைக்கால் அங்குலம் பின்னாலேயே நின்றுவிட்டது. எட்டையும் வரிசைப்படுத்தும்போது கடைசி இழை வளைந்து சுற்றி வந்ததால் மற்றவற்றை விடக் குட்டையாகிவிட்டது போல. வெளியிலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருந்தது!

அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி செய்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இந்த முறை விரலால் நன்றாக நீவி நேராக்கி, எட்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டில் சமமாக்கி, முனையில் போய் முட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கிரிம்ப்பை அழுத்தினேன். 291.

கம்பிக்காரர்

நன்று. அந்த வரிசைக்கு டி568பி என்று பெயர், இரண்டு முனையிலும் ஒன்றாக இருந்தால் போதும். இன்னொன்று, முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள், அரை அங்குலத்துக்குள் நிற்கட்டும். ஜோடிகள் முறுக்கியிருப்பதால்தான் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் விழாமல் இருக்கிறது. சின்ன வயதில் நான் பார்க்க நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று ஒரு சாண் பிரித்துச் சீப்பு வாரினாற்போல வைப்பேன், என் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெட்டிப் போட்டார்.

சுவருக்குள் போகிற கேபிளில் ஒற்றைக் கம்பி இழைதான் இருக்கும், அதை அடிக்கடி அசைத்தால் உடையும். நேரமிருக்கும்போது இரண்டு முனையிலும் சுவரில் ஒரு சாக்கெட் பொருத்திவிட்டு, அங்கிருந்து லேப்டாப்புக்குக் கடையில் செய்து விற்கிற சின்னப் பேட்ச் கேபிளைப் போடுங்கள்.

மொட்டைமாடி

சரி அண்ணே, செய்கிறேன். அடுத்த சிக்கல், பழைய ரவுட்டரை மேலே மாட்டிவிட்டேன், வைஃபை வேகமாக வருகிறது. ஆனால் மேலிருந்து கீழே இருக்கிற பிரின்டர் தெரியவில்லை, டிவிக்கு ஃபோனிலிருந்து வீடியோ அனுப்பவும் முடியவில்லை.

கம்பிக்காரர்

கேபிளை 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கிற தனி நிற போர்ட்டில்தானே செருகினீர்கள்? அதனால் அது தனக்கென்று ஒரு குட்டி நெட்வொர்க்கை உண்டாக்கி, மேலறையைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டது. அதன் அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், போதும். இல்லாவிட்டால் கையால் செய்யலாம். முதலில் அதன் முகவரியை மாற்ற வேண்டும், கீழே இருப்பது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 மாதிரி, கீழ் ரவுட்டர் வேறு யாருக்கும் கொடுக்காத எண்ணாக. அப்புறம் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும், வீட்டில் முகவரி கொடுக்கிறவர் ஒருவர்தான் இருக்கலாம். கடைசியாகக் கேபிளைச் சாதாரண லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் அமைப்புப் பக்கத்துக்குள் மறுபடி போக வழி தெரியாமல் நிற்பீர்கள்.

மொட்டைமாடி

பிரின்டர் வந்துவிட்டது. ஆனால் இப்போது வீட்டில் யாருக்கும் எதுவும் வேலை செய்யவில்லை. இதை மொபைல் டேட்டாவில் எழுதுகிறேன். ரவுட்டர், பழைய ரவுட்டர் இரண்டிலும் எல்லா விளக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி ஒரே நேரத்தில் மின்னுகின்றன. பத்து நிமிடம் முன்புவரை நன்றாக இருந்தது. நான் செய்த ஒரே காரியம், எக்ஸ்டெண்டரை மேலே எடுத்து வந்து அதன் பின்னால் இருக்கிற போர்ட்டைப் பழைய ரவுட்டரில் செருகியது, அதையும் ஒரு ஆக்சஸ் பாயின்ட்டாகப் பயன்படுத்தலாமே என்று.

மின்மினி

அந்தக் கேபிளை உடனே பிடுங்குங்கள்.

மொட்டைமாடி

பிடுங்கியதும் சரியாகிவிட்டது. என்ன நடந்தது?

மின்மினி

எக்ஸ்டெண்டர் இன்னும் கீழ் ரவுட்டரோடு வைஃபையில் பேசிக்கொண்டிருந்தது. நீங்கள் கேபிளிலும் இணைத்ததும் வட்டம் பூர்த்தியாகிவிட்டது. கீழிருந்து கம்பி வழியே மேலே போன ஒரு பொது அழைப்பு, எக்ஸ்டெண்டர் வழியாகக் காற்றில் கீழே வந்து, மறுபடி கம்பியில் மேலே போய், ஒவ்வொரு சுற்றிலும் பெருகி, நொடியில் எல்லாப் போர்ட்டையும் அடைத்துவிடும். கம்பியில் தகவல் போகிற பொட்டலமான ஈத்தர்நெட் சட்டகத்தில் இத்தனை சுற்றுக்குப் பிறகு செத்துப்போ என்று சொல்கிற எண்ணே கிடையாது, அதனால் தானாக நிற்காது. இதைத் தடுக்கத்தான் ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறையை ராடியா பெர்ல்மன் 1985இல் வடிவமைத்தார். பெரிய ஸ்விட்ச்சுகளில் அது இருக்கும், வீட்டுக்கு வாங்குகிற மலிவு ஸ்விட்ச்சுகளில் பெரும்பாலும் இருக்காது. எக்ஸ்டெண்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிய பிறகுதான் கேபிளில் போட வேண்டும்.

வருத்தப்படாதீர்கள், நான் இதை ஒரு அலுவலகத்துக்கே செய்திருக்கிறேன். மேசைக்கடியில் அநாதையாகத் தொங்கிய ஒரு கேபிள் முனையை ஒழுங்காக இருக்கட்டும் என்று பக்கத்து சாக்கெட்டில் செருகினேன், அதன் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது.

மொட்டைமாடி

எக்ஸ்டெண்டரை டிராயரில் போட்டுவிட்டேன். கடைசிக் கேள்வி. இரண்டு ரவுட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தேன். கீழே இருந்துவிட்டு மேலே வந்தால் ஃபோன் இன்னும் கீழ் ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. வைஃபையை அணைத்துப் போட்டால்தான் பக்கத்தில் இருக்கிறதைப் பிடிக்கிறது.

அலைவரிசை

எப்போது மாறுவது என்று முடிவு செய்வது ஃபோன்தான், ரவுட்டர் இல்லை. ஐஃபோன் மைனஸ் 70 டிபிஎம்மைத் தாண்டிப் போன பிறகுதான் வேறு இடம் தேடத் தொடங்கும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது, மற்ற ஃபோன்களுக்கு அவரவர் கணக்கு. உங்கள் முதல் மாடியில் கீழ் ரவுட்டர் மைனஸ் 63 என்றீர்களே, அங்கே ஃபோன் மாற நினைக்கவே நினைக்காது.

இரண்டு ரவுட்டரின் வெளியீட்டுச் சக்தியையும் குறையுங்கள். ஆச்சரியமாக இருக்கும், எல்லோரும் கூட்டத்தான் சொல்வார்கள். ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் ஃபோனின் குரல் சின்னதுதான், அது பதில் பேசுவது ரவுட்டருக்குக் கேட்காவிட்டால் என்ன பயன்? சக்தி குறைந்தால் ஒவ்வொன்றின் எல்லையும் சுருங்கும், எல்லையில் ஃபோன் சீக்கிரம் கை மாறும். 802.11கே, வி என்று அமைப்பில் இருந்தால் இரண்டு ரவுட்டரிலும் இயக்குங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று ஃபோனுக்குச் சொல்லும்.

சேனலை வேறு வேறாக வையுங்கள். 2.4இல் ஒன்றை ஒன்று மிதிக்காதவை 1, 6, 11 மட்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். கீழே 1 என்றால் மேலே 11. ஒரே சேனலில் இரண்டும் இருந்தால் ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 5இல் 52 முதல் 144வரை இருக்கிற சேனல்கள் ரேடாரோடு பங்கு போடுபவை, ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் அங்கே பேசத் தொடங்கும், ரேடார் தெரிந்தால் எழுந்து ஓடும். அதில் வைத்துவிட்டு வைஃபை காணாமல் போகிறது என்று பதறாதீர்கள்.

சும்மா ஒரு தகவல். காற்றில் இப்படி முறை வைத்துப் பேசுவது ஹவாயில் 1971இல் ஓடத் தொடங்கிய அலோஹாநெட் என்ற ரேடியோவழிக் கணினி நெட்வொர்க் காலத்துச் சிக்கல். அதைப் படித்துவிட்டுத்தான் ராபர்ட் மெட்காஃப் 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் கம்பிவழி நெட்வொர்க்கை எழுதினார், ஆகாயத்தை நிறைத்திருப்பதாக ஒரு காலத்தில் நம்பிய ஈதரின் பெயரால் அதற்கு ஈத்தர்நெட் என்று பெயர் வைத்தார். கம்பிக்கு ஆகாயத்தின் பெயர்.

கம்பிக்காரர்

அதனால்தான் கம்பியே கதி என்கிறேன்.

வாடகைவீட்டான்

குறுக்கே ஒரு கேள்வி. நண்பர் ஒருவருக்கு வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளித் தனிக் கொட்டகை, அங்கே வேலை அறை. இதே கேட்-6ஐ மண்ணில் புதைத்துக் கொண்டுபோகலாமா?

கம்பிக்காரர்

தூரம் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே நான் செம்பு போட மாட்டேன். இரண்டின் எர்த்தும் ஒரே அளவில் இருக்காது, பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வித்தியாசம் உங்கள் கேபிள் வழியாகத்தான் ஓடும். ஒருமுறை ஒரு தோட்ட வீட்டில் வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று செம்பே போட்டுக் கொடுத்தேன். அடுத்த மழைக்காலத்தில் இரண்டு முனை ஸ்விட்ச்சும், அதில் தொங்கிய கேமராவும் கருகிவிட்டன. நல்லவேளை யாரும் தொடவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஃபைபர் போடச் சொல்லுங்கள். கண்ணாடியில் மின்சாரம் போகாது. இரண்டு முனையும் கனெக்டர் பொருத்தியே விற்கிற சிங்கிள் மோட் கேபிள், மண்ணுக்கடியில் போடக்கூடியது, ஒரு குழாய்க்குள். முனைக்கு ஒரு மீடியா கன்வெர்ட்டர், ஒளியைச் செம்புக் கேபிளுக்கான சிக்னலாக மாற்றுகிற பெட்டி.

மொட்டைமாடி

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மேலறையில் கேபிளில் 290, வைஃபையில் 230 பக்கம், டிபிஎம் மைனஸ் 45. கால் ஒருமுறைகூட அறுபடவில்லை. சக்தியைக் குறைத்ததும் ஃபோன் படிக்கட்டு வளைவிலேயே மாறிவிடுகிறது, சில நேரம் ஒரு நொடி தயங்கும், அவ்வளவுதான்.

ஆனால் சக்தியைக் குறைத்ததில் முதல் மாடி கடைசி அறை பாதிக்கப்பட்டுவிட்டது. அங்கே மைனஸ் 74. என் மகள் அங்கேதான் படிக்கிறாள், உங்களுக்கு மட்டும் கேபிள், எனக்குக் காற்றா என்று கேட்கிறாள்.

சோம்பேறி

மெஷ்.

கம்பிக்காரர்

அந்தக் குழாய் முதல் மாடியில் எங்காவது திறக்கிறதா தம்பி? பழைய டிவி பாயின்ட், மூடி போட்ட பெட்டி மாதிரி ஏதாவது?

மொட்டைமாடி

அவள் அறைச் சுவரிலேயே ஒரு வெள்ளை மூடி இருக்கிறது. கழற்றிப் பார்த்தேன், என் கேபிளும் நூலும் அதன் வழியாகத்தான் போகின்றன.

கம்பிக்காரர்

நூலை இன்னும் உருவவில்லையே?

மொட்டைமாடி

இல்லை அண்ணே, அப்படியே இருக்கிறது. மைத்துனரைக் கூப்பிடுகிறேன்.